கார்டைத் தொட்டதே இல்லை, வசனம் மட்டும் வாயில் வருகிறது: யு-கி-ஓ! இழை

#1 கொரட்டூர்_ஏரி

எங்கள் ஆபீஸ் சோழிங்கநல்லூரில். பக்கத்து சீட்டுக்காரன் தினமும் என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துத் தின்றுவிடுவான். போன செவ்வாய்க்கிழமை வீட்டில் சொல்லி, மேலே உருளை, அடியில் பாகற்காய் என்று கட்டிக்கொண்டு போனேன். வழக்கம்போலக் கைவிட்டான், வாய் நிறையப் போட்டுக்கொண்டான், முகம் கோணியது. நான் எழுந்து நின்று கையை நீட்டி, "நீ என் ட்ராப் கார்டை ஆக்டிவேட் பண்ணிட்ட!" என்றேன். மேஜையே சிரித்தது.

புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, அது என்ன ட்ராப் கார்டு?" என்று கேட்டான். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். யு-கி-ஓ! என்ற ஜப்பான் கார்டு விளையாட்டு என்று பெயர் சொல்லத் தெரிந்தது. நட்சத்திர மீன் மாதிரி முடி வைத்த பையன் என்று சொல்லத் தெரிந்தது. அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. சிரித்த ஐந்து பேரும் சரி, நானும் சரி, அந்த விளையாட்டை ஆடியதே இல்லை. இரண்டு பேர் கார்டைக் கண்ணாலேயே பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன். இந்த விளையாட்டின் வசனம், படம், கிண்டல் எல்லாம் உங்களிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது? விதிமுறை விளக்கம் மட்டும் வேண்டாம், படித்தால் தூக்கம் வருகிறது.

#2 ஐந்தில்_நாலு

என் பெயர்க்காரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எக்ஸோடியா என்று ஒரு பூதம் உண்டு. தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று ஐந்து கார்டு. ஐந்தும் கையில் சேர்ந்துவிட்டால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. என்னிடம் இடது கால் இல்லை.

உங்கள் மேஜை வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த விளையாட்டே கதையிலிருந்து வந்ததுதான். 1996-ல் கஸுகி தகாஹாஷி, ஷோனென் ஜம்ப் என்ற ஜப்பானிய வார இதழில் தொடங்கிய மாங்கா, அதாவது படக்கதை, இது. ஆரம்பத்தில் கார்டுக் கதையே கிடையாது. வெவ்வேறு விளையாட்டு, அதில் தோற்ற அயோக்கியனுக்குப் பயங்கரமான தண்டனை, அவ்வளவுதான். கார்டு என்பது நடுவில் தலைகாட்டிய பல விளையாட்டுகளில் ஒன்று. வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கதை அவர்கள் பின்னால் போனது. கொனாமி கம்பெனியின் கார்டு ஜப்பானில் கடைக்கு வந்தது 1999-ல், அமெரிக்காவுக்கு வந்தது 2002-ல்.

நான் இதற்குள் வந்தது ஒரு பச்சைப் பானை வழியாக. பாட் ஆஃப் கிரீட் என்று ஒரு கார்டு. பல்லை இளிக்கும் பானை படம். அதன் வேலை ஒன்றே ஒன்று: கார்டுக் கட்டிலிருந்து இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளலாம். எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் அனிமேயில் (இந்தக் கதையின் கார்ட்டூன் தொடர்) யார் அதைப் போட்டாலும், அது என்ன செய்யும் என்று எதிராளிக்கு விளக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். எதிராளியும் இப்போதுதான் கேள்விப்படுவது போல முழிப்பான். அதனால் இணையத்தில் 'பாட் ஆஃப் கிரீட் என்ன செய்யும்?' என்று கேட்பதே ஒரு கிண்டலாகிவிட்டது. பதில் தெரிந்தவன்தான் கேட்பான். நிஜ ஆட்டத்தில் அந்தக் கார்டு பல வருஷமாகத் தடைப்பட்டியலில் கிடக்கிறது என்பது தனிக்கதை.

#3 மூர்மார்க்கெட்_முதியவர்

தம்பி, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 'கூட்டணியின் துருப்புச்சீட்டு' என்று பேப்பரில் வராத தேர்தல் உண்டா? படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் துருப்பு வெட்டத் தெரியும்? மங்காத்தா ஆடாதவனும் 'உள்ளே வெளியே' என்கிறான். சீட்டைத் தொடாமலே சீட்டுப் பேச்சு பேசுவது நமக்குப் பழக்கம்தான்.

வீட்டுக்குள் மட்டும் அந்தச் சொல்லே ஆபத்து. என் பேரன் இந்த ஜப்பான் கார்டு வாங்க ஐந்நூறு ரூபாய் கேட்டான். நான் அதைத் தமிழ்ப்படுத்தி, "பையன் சீட்டுக்குப் பணம் கேட்கிறான்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்தே, "ஏலச்சீட்டா, குலுக்கல் சீட்டா? யார் நடத்துறாங்கன்னு விசாரிச்சீங்களா?" என்றாள். அது இல்லை, ஆடுகிற சீட்டு என்று விளக்கினேன். அவ்வளவுதான், பையனுக்கு ஒரு வாரம் வெளியே போகத் தடை.

என் மகன் காலத்தில் ட்ரம்ப் கார்டு இருந்தது. மல்யுத்தக்காரர்கள் படம் போட்டு உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று எண் இருக்கும். எண் பெரிதாக இருப்பவன் எதிராளியின் சீட்டைப் பிடுங்கிக்கொள்வான். அண்டர்டேக்கர் யார் கையில் இருக்கிறாரோ அவன்தான் தெருவுக்கு ராஜா. விளக்கமும் இல்லை, பானையும் இல்லை.

#4 சுண்டல்_பொட்டலம்

முதியவர் சாருக்கு ஒரு செய்தி. 2022 ரெஸில்மேனியா மல்யுத்த விழாவில் லோகன் பால் என்ற மல்லன், கழுத்தில் போகிமான் என்ற இன்னொரு ஜப்பான் ஆட்டத்தின் கார்டை மாட்டிக்கொண்டு வந்தார். பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்று பெயர். ஜப்பானில் 1990-களின் கடைசியில் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. அவர் அதற்குக் கொடுத்த விலை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர். உங்கள் மகன் காலத்தில் கார்டுக்குள் மல்லன் இருந்தான். இப்போது மல்லன் கழுத்தில் கார்டு.

#5 மூர்மார்க்கெட்_முதியவர்

டாலரா? இதை வீட்டில் சொல்லமாட்டேன்.

#6 வடபழனி_வாய்ஸ்

நான் கார்ட்டூன்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறவள். விளையாட்டு எனக்கும் தெரியாது. ஆனால் யு-கி-ஓ!வின் ஆங்கில டப்பிங்கை எங்கள் தொழிலில் கதை கதையாகச் சொல்வோம்.

ஃபோர்கிட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம்தான் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பார்ப்பது சனிக்கிழமை காலையில் டிவி முன்னால் உட்காரும் பிள்ளைகள். சாவு வரக்கூடாது, துப்பாக்கி வரக்கூடாது. ஆனால் மூலக்கதையில் இரண்டும் இருக்கிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? துப்பாக்கியை மட்டும் படத்திலிருந்து அழித்தார்கள். நீட்டிய கையை அழிக்கவில்லை. அதனால் கோட்டு சூட்டு போட்ட அடியாள் ஒருவன் வெறும் ஆள்காட்டி விரலை நீட்டி மிரட்டுகிறான், எதிரே இருப்பவரும் விரலுக்குப் பயந்து நிற்கிறார். இன்றைக்கும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாவுக்குப் பதிலாக ஷேடோ ரெல்ம். நிழல் உலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் ஓர் ஆட்டம் வரும். ஆடுகிற இருவரின் கால்களையும் விலங்கிட்டு, பக்கத்தில் சுழலும் ரம்பம் வைத்திருப்பார்கள். தோற்றவன் காலை அது அறுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ரம்பத்தை ஒளிவிடும் வட்டமாக மாற்றி, பட்டால் ஆள் நிழல் உலகத்துக்குப் போய்விடுவான் என்று எழுதினார்கள். நியாயமாகப் பார்த்தால் கால் போவதைவிட ஆன்மா போவதுதான் கொடுமை. ஆனால் சென்சாருக்கு ரத்தம் வராவிட்டால் போதும்.

அந்தச் சொல் இப்போது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் 'ஷேடோ ரெல்முக்கு அனுப்பிட்டோம்' என்கிறார்கள். அரைகுறையாக ஒட்டிய ஒட்டு துணியைவிட அதிக நாள் உழைக்கிறது. எழுதியவர் அன்று சாயங்காலத்துக்குள் ரீலை முடித்துக் கொடுக்கவேண்டிய அவசரத்தில் எழுதியிருப்பார் என்பது என் ஊகம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. எகிப்தியக் கடவுள் கார்டு மூன்றில் ஒன்று ஜப்பானில் ஒசைரிஸின் பெயரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஸ்லைஃபர் ஆனது. ஏதோ பழைய எகிப்தியப் பெயர் என்று நினைத்திருந்தேன். ரோஜர் ஸ்லைஃபர் என்பவர் அந்த டப்பிங் தயாரிப்பாளர்களில் ஒருவர்! நான் ஒரு தொடரில் ராட்சசனுக்கு எங்கள் மேனேஜர் பெயரை வைக்க முயன்றேன். கிடைத்தது திட்டு.

#7 பேட்_என்னுது

அக்கா சொன்னது சரி, ஆனால் பாதிதான். டப்பிங் கொடுத்தது மூலப்பொருள். சமைத்தது வேறு ஆள். 2006-ல் யூடியூபில் லிட்டில்குரிபோ என்ற பெயரில் ஒரு ரசிகர், அந்தத் தொடரை வெட்டிச் சுருக்கி, எல்லாக் குரலையும் தானே பேசி, கிண்டல் தொடராகப் போட்டார். அப்ரிட்ஜ்ட் என்று சொல்கிற வகையே அதிலிருந்துதான் பரவியது. யு-கி-ஓ! வசனம் என்று நம் ஆட்கள் சொல்வதில் பாதி இந்தக் கிண்டலின் வசனம்.

உதாரணம் கைபா. பணக்காரப் பையன், கம்பெனி முதலாளி, காற்றே இல்லாத இடத்திலும் கோட்டு பறக்கும். 'ரூல்ஸாவது ஒண்ணாவது, என்கிட்ட காசு இருக்கு' என்று அவன் சொல்வதாக எல்லோரும் நினைக்கிறோம். அசல் தொடரில் அவன் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது அப்ரிட்ஜ்ட் கைபா. ஆனால் அந்த வரியைக் கேட்டதும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் அயனாவரம் தெருவில் ஒருவன் இருந்தான். பேட் அவனுடையது, ஸ்டம்ப் அவனுடையது. போல்டு ஆனாலும் ட்ரையல் பால் என்பான். மறுத்தால் பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். கைபாவுக்குக் கோட்டு இருந்தது, இவனுக்கு அரைக்கால் டவுசர். அவன் நினைவாகத்தான் இந்த யூசர்நேம்.

#8 கொரட்டூர்_ஏரி

இது எனக்குப் புது விஷயம். அப்படியானால் நான் பாகற்காய் வைத்து அடித்த வசனம்?

#9 ஐந்தில்_நாலு

ட்ராப் கார்டு, அதாவது பொறிக் கார்டு, ஆட்டத்திலேயே உண்டு. கவிழ்த்து வைத்திருப்பார்கள், எதிராளி ஏமாந்து அடி எடுத்து வைக்கும்போது திருப்புவார்கள். தொடரில் எத்தனையோ தடவை வரும். ஆனால் உங்கள் வாயில் வந்தது அந்த நட்சத்திர மீன் முடிப் பையன் படத்துக்குக் கீழே எழுத்துப் போட்டுச் சுற்றிய மீமிலிருந்து. ஒரு குறிப்பிட்ட காட்சியைத் தேடிப்போனால் ஏமாறுவீர்கள்.

#10 மாம்பலம்_மேஜிக்

நான் மேஜிக்: தி கேதரிங் ஆடுகிறவன். யு-கி-ஓ! ஆட்கள் எங்களை மறந்துவிடுகிறார்கள். அந்த மாங்காவில் கார்டு விளையாட்டின் முதல் பெயரே 'மேஜிக் அண்ட் விசார்ட்ஸ்'. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய எங்கள் ஆட்டமும் அதை வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியும் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கின்றன. அதாவது நீங்கள் மேற்கோள் காட்டுகிற விளையாட்டே இன்னொரு விளையாட்டைக் காட்டும் மேற்கோள்தான்.

மேஜிக் ஆரம்பத்திலிருந்தே இப்படி எடுத்தாள்கிற பழக்கம் உள்ளது. 1993-ல் வந்த முதல் விரிவாக்கக் கார்டுத் தொகுதியே ஆயிரத்தொரு இரவுகள் கதையை வைத்து. அதில் ஷாராசாத் என்று ஒரு கார்டு. அதைப் போட்டால், நடக்கும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, மிச்சக் கட்டை வைத்து உள்ளே ஒரு குட்டி ஆட்டம் ஆடவேண்டும். குட்டி ஆட்டத்துக்குள் மறுபடி அதே கார்டு வந்தால், அதற்குள் இன்னொன்று. விக்கிரமாதித்தன் கதையில் பதுமை சொல்லும் கதைக்குள் வேதாளம் கதை சொல்லுமே, அதே கூத்து. யாரும் வீட்டுக்குப் போகமுடியாது என்பதால் போட்டிகளில் தடை. கதையை விளையாட்டாக்குவது என்றால் எனக்கு இதுதான். டிராகன் படம் போட்டு எண் எழுதுவது அல்ல.

நம் ஊருக்கு வருகிறேன். 2016-ல் காலாதேஷ் என்று ஒரு தொகுதி வந்தது. இந்தியச் சாயலில் ஓர் உலகம். பித்தளைப் பூவேலை, சேலை மாதிரி உடை, சந்திரா என்று நாயகி. பெயரை வைத்தவர்கள் யாரிடம் கேட்டார்களோ! என் காதுக்குக் 'கலா தேசம்' என்று விழுந்தது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஹிந்தி தெரிந்த நண்பன் காதில் 'கறுப்பு நாடு' என்று விழுந்து விழுந்து சிரித்தான். 2025-ல் அந்த உலகத்தின் பெயரையே ஆவிஷ்கார் என்று மாற்றிவிட்டார்கள்.

#11 சுண்டல்_பொட்டலம்

கார்டுக்குள் நிஜ ஆட்கள் என்றால் போகிமானை அடிக்க ஆளில்லை. கடாப்ரா என்று ஒன்று, கையில் ஸ்பூன் வைத்திருக்கும். ஜப்பானியப் பெயர் யுங்கேரா. ஸ்பூனைப் பார்வையாலேயே வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லர், 'இது என்னைத்தான்' என்று 2000-ல் வழக்குப் போட்டார். இருபது வருஷத்துக்குக் கடாப்ரா கார்டே அச்சாகவில்லை. 2020-ல் அவரே மன்னிப்புக் கேட்டு, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 2023-ல் கார்டு திரும்பி வந்தது.

ஹிட்மான்லீ, ஹிட்மான்சான் இரண்டும் புரூஸ் லீ, ஜாக்கி சான். உதைப்பது ஒன்று, குத்துவது ஒன்று. 2008-ல் தசாவதாரம் பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சான் சென்னைக்கு வந்தபோது, சிப்ஸ் பாக்கெட்டில் கிடைத்த டாஸோ என்ற பட வில்லையில் ஆட்டோகிராஃப் வாங்கவேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளை நான். அப்பா நேரு ஸ்டேடியம் பக்கமே அழைத்துப் போகவில்லை.

#12 கொரட்டூர்_ஏரி

போகிமான் பக்கம் போகாதீர்கள், இழை தாங்காது.

#13 வடபழனி_வாய்ஸ்

ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். லீ, சான் எல்லாம் ஆங்கிலக்காரர்கள் வைத்தது. ஜப்பானில் அந்த இரண்டும் சவமுலார், எபிவலார். சவமுரா என்ற கிக்பாக்ஸரும் எபிஹாரா என்ற குத்துச்சண்டை வீரரும் அங்கே பெரிய பெயர்கள். ஆங்கிலப் பிள்ளைக்கு அவர்களைத் தெரியாது, அதனால் தெரிந்த ஆளாக மாற்றினார்கள். எனக்கு இது தமிழில் வந்திருந்தால் ஒன்றுக்காவது சார்பட்டா, இடியாப்பப் பரம்பரை என்று வடசென்னை குத்துச்சண்டையிலிருந்து பெயர் தேடியிருப்பேன்.

#14 பாரிமுனை_பத்துரூபாய்

ரொம்ப நாளாக இந்தத் தளத்தைப் படிக்க மட்டும் செய்கிறேன். இதற்காகத்தான் கணக்குத் தொடங்கினேன்.

எனக்கு நடந்தது உங்களுக்கெல்லாம் தலைகீழ். ஏழாம் வகுப்பு படிக்கும்போது பாரிமுனைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் வாங்கினேன். போலி என்று இப்போது தெரிகிறது. அட்டை மெலிசு, பின்பக்கம் நிறம் வெளுத்திருந்தது, இங்கிலீஷில் எழுத்துப்பிழை. அதில் ஒரு வெள்ளை டிராகன் வந்தது. நீலக் கண். தாக்குதல் 3000, தற்காப்பு 2500. தொடர் எதுவும் பார்த்ததில்லை, ஆடவும் தெரியாது. அந்தப் படத்துக்காகவே கணக்கு நோட்டு அட்டைக்குள் வைத்திருந்தேன். ட்ரம்ப் கார்டு மாதிரி நண்பர்களோடு எண்ணை வைத்து மோதுவோம். 3000-ஐ யாராலும் ஜெயிக்க முடியவில்லை.

ஒருநாள் வகுப்பில் மாட்டியது. சார் சீட்டாட்டம் என்று நினைத்தார். எல்லோர் முன்னாலும் இரண்டாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டார். அடிகூட விழவில்லை. ஆனால் மதியம் சாப்பிட முடியவில்லை.

கல்லூரியில் விடுதி நண்பனின் லேப்டாப்பில் தொடரின் முதல் பகுதியைப் பார்த்தேன். கதாநாயகன் யுகியின் தாத்தா கடையில் அதே டிராகன் கார்டு இருக்கிறது. உலகத்தில் மொத்தமே நான்கு. மூன்று கைபாவிடம். தாத்தாவோடு ஆடி ஜெயித்து, நான்காவதை வாங்கி, எல்லோர் முன்னாலும் கிழிக்கிறான். ஒரு கட்டில் ஒரே கார்டு மூன்றுதான் வைக்கலாம், நான்காவது இன்னொருவன் கைக்குப் போய் எனக்கு எதிராக வந்துவிடக் கூடாது என்று காரணமும் சொல்கிறான்.

நண்பன் என்னைப் பார்த்து, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்றான். இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை.

#15 ஐந்தில்_நாலு

அண்ணே. அடுத்த முறை என்னிடம் வாருங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று உங்களுக்கு. அசல்.

#16 மூர்மார்க்கெட்_முதியவர்

தம்பி, அந்த வாத்தியார் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கிழித்திருப்பேன். இன்று காலை பேரனின் டப்பாவை எடுத்து அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். கண்ணாடி போட்டும் ஒரு கார்டில் உள்ள எழுத்தைப் படித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. பத்திரப்பதிவு ஆபீஸில்கூட இவ்வளவு பொடி எழுத்துப் பார்த்ததில்லை. தடையை நீக்கிவிட்டேன்.

#17 வடபழனி_வாய்ஸ்

இதைப் படிக்கும்போது தகாஹாஷி நினைவுக்கு வருகிறார். 2022 ஜூலையில் ஓகினாவா கடலில் இறந்துபோனார், 60 வயது. தண்ணீருக்குள் மூழ்கிப் பார்க்கும் விளையாட்டுக்குப் போன இடத்தில் விபத்து என்றுதான் முதலில் செய்தி வந்தது. சில மாதம் கழித்துத்தான், நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் அவர் மூழ்கினார் என்று அமெரிக்க ராணுவப் பத்திரிகையில் வந்தது. மெரினாவில் வளர்ந்த நமக்கு அந்த நீரோட்டம் என்னவென்று தெரியும்.

#18 பேட்_என்னுது

தெரியும் அக்கா.

கொரட்டூர் ப்ரோவின் முதல் கேள்விக்கு ஒரு பதில் தோன்றியது, சொல்லிவிடுகிறேன். 2019 மே மாதம் நேசமணி ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். நம்மாள் ஒருவர், இது ஜமீன் பங்களாவில் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்கிற மாதிரி பதில் போட்டார். மறுநாள் உலகம் முழுக்க ட்ரெண்டிங். வெளிநாட்டுக்காரர்கள் நிஜமாகவே யாருக்கோ அடிபட்டது என்று நினைத்து, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வடிவேலுவைப் பார்த்திருப்பார்கள்? நாம் யு-கி-ஓ!வில் அந்த வெளிநாட்டுக்காரர்கள். முதலில் அனுதாபம், பிறகுதான் படம்.

#19 மாம்பலம்_மேஜிக்

அந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவராவது பிறகு படத்தைத் தேடிப் பார்த்திருப்பார். அந்த மாதிரி ஆளைத்தான் நாங்கள் எங்கள் ஆட்டத்துக்குப் பிடிக்கிறோம். 2024-ல் நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டரில் நடந்த காமிக் கான் ரசிகர் விழாவில் கைபா வேஷத்தில் ஒருவரைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வரை வெள்ளைக் கோட்டு. பிப்ரவரிதான், ஆனாலும் நம் ஊர். வியர்வையில் கோட்டு உடம்போடு ஒட்டிவிட்டது, பறக்கவே இல்லை. ஆட்டம் எப்படி என்று பேச்சுக் கொடுத்தேன். "ஆடத் தெரியாது சார், கோட்டுக்காகப் போட்டேன்" என்றார்.

#20 கொரட்டூர்_ஏரி

இன்றைய நிலவரம். கேள்வி கேட்ட புதுப் பையன் இரண்டு வாரமாகத் தொடரை முதலிலிருந்து பார்க்கிறான். செல்போனில் டூயல் லிங்க்ஸ் என்ற யு-கி-ஓ! கேம் வேறு ஏற்றிக்கொண்டான், கம்பெனி பஸ்ஸில் டைடல் பார்க் வரும்வரை அதுதான். எங்கள் மேஜையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவன்.

வறுவல் திருடன் பழிவாங்கினான். நேற்று என் காபியில் உப்பு. நான் துப்பிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையன் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் பக்கத்தில் வந்து, "அண்ணா, ஒரு சந்தேகம். பாட் ஆஃப் கிரீட் என்ன செய்யும்?" என்றான்.

#21 பாரிமுனை_பத்துரூபாய்

கட்டிலிருந்து இரண்டு கார்டு எடுக்கலாம்.

#22 சுண்டல்_பொட்டலம்

இரண்டு கார்டு எடுக்கலாம் ப்ரோ.

#23 மூர்மார்க்கெட்_முதியவர்

பேரனிடம் கேட்டுவிட்டேன். கட்டிலிருந்து இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளலாமாம்.